பழைய தமிழ் இசைத்தட்டு: எதை வாங்குவது, எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எல்பி வாங்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. எந்தத் தட்டு நல்லது என்ற இடங்களில் வருவது எங்கள் ரசனை. மற்றபடி சொல்வதில் பலவும் நீங்களே வீட்டில் சோதித்துப் பார்த்துக்கொள்ளக்கூடியவை.

எல்பி, ஈபி, 78-னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. எல்பி 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். ஈபி 7 அங்குலம், பெரும்பாலும் 45 சுற்று, ஒரு பக்கம் ஆறேழு நிமிடம். தமிழ்ப் பட ஈபி என்றால் பொதுவாகப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு இருக்கும். 78 என்பது 10 அங்குல அரக்குத் தட்டு. பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைந்துவிடும்.

மற்ற நாடுகளில் 78 ஓய்ந்த பிறகும் இங்கே அது வெகுநாள் ஓடியது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78-ல் அச்சாகியிருக்கின்றன. அதனால் 1960-களின் தமிழ்ப் பாட்டு 78-ல் கிடைத்தால் போலி என்று சந்தேகப்பட வேண்டாம்.

வீட்டுல தாத்தாவோட பழைய ரெக்கார்டு பிளேயர் இருக்கு. அதுலயே போட்டுக் கேக்கலாமா?

ஓடினால் கேட்கலாம், ஆனால் நல்ல தட்டை அதில் போடாதீர்கள். ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற அந்தக் காலப் பெட்டிகளில் இருப்பது செராமிக் வகை கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதி). முள் ஐந்து கிராமோ அதற்கு மேலோ அழுத்தும். முள்ளும் முப்பது வருடம் மாற்றப்படாமல் மழுங்கியிருக்கும். மழுங்கிய முள், தட்டில் பாட்டு எழுதப்பட்டிருக்கும் பள்ளத்தின் சுவரைச் சீவிக்கொண்டே போகும். அந்தச் சேதத்தைப் பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது. இப்போது விற்கும் சூட்கேஸ் பிளேயர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

புதிதாக வாங்குவதானால் ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் என்ற பிளேயர் குறைந்தபட்சம். எடை எதுவும் சரிசெய்ய வேண்டியதில்லை, முள்ளைத் தானே எடுத்து வைக்கும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் அதே நிறுவனத்தின் எல்பி120எக்ஸ். எதிர் எடையைத் திருப்பி முள்ளின் அழுத்தத்தை 2 கிராமில் நிறுத்தலாம், முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம், 78 வேகமும் உண்டு. வைர முள் 500 முதல் 1000 மணி நேரம் உழைக்கும். பழைய பிளேயர் வாங்கினால் முதல் செலவு புது முள்.

ஆம்ப்ளிஃபயர்ல மாட்டினா பாட்டு கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. ஏன்?

காந்த வகை கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் வெட்டும்போது பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்து ஒலியையும் பெருக்குவது ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் ஆம்ப்ளிஃபயரின் சாதாரண நுழைவான ஆக்ஸில் நேராகச் செருகினால் ஒலி மெலிந்து, பாஸ் இல்லாமல் கீச்சென்று கேட்கும். மேலே சொன்ன இரண்டு பிளேயரிலும் அது உள்ளேயே இருக்கிறது. பின்னால் உள்ள ஸ்விட்சை 'லைன்' பக்கம் தள்ளினால் போதும். ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்றே தனி நுழைவு இருந்தால் ஸ்விட்சை 'ஃபோனோ'வில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் காது கிழியும்.

'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் எர்த் கம்பியைப் பாருங்கள். பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய கம்பி வந்தால் அதை ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் திருகில் மாட்ட வேண்டும். மாட்டியும் போகவில்லை என்றால் சுவர் சாக்கெட்டிலேயே எர்த் இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

ரெக்கார்டுல கேட்டாத்தான் பாட்டு பாட்டா இருக்குமாமே, நிஜமா?

எல்லாப் பாட்டுக்கும் இல்லை. அளவுகோலில் சிடிதான் மேல்: இரைச்சல் குறைவு, வேகம் துல்லியம், பக்கக் கடைசியில் தேய்வும் கிடையாது. ஆனால் பழைய தமிழ்ப் பாட்டுகள் பல, இணையத்தில் தேய்ந்த பிரதியிலிருந்து ஏற்றப்பட்டவை. கரகரப்பை நீக்குகிறேன் என்று மிருதங்கத்தின் மீட்டையும் சேர்த்து வழித்துவிட்டிருப்பார்கள். சிலவற்றில் எதிரொலியை வேறு சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கு நல்ல நிலையில் உள்ள எல்பி கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பாட்டின் எந்தப் பிரதி என்பது. ஒரே பாட்டை இணையத்திலும் தட்டிலும் ஒரே ஒலியளவில் வைத்து, பாடகரின் மூச்சும் பின்னணி வயலினும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியளவு சமமாக இல்லாவிட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது போலத் தோன்றும்.

புதுசா ஆரம்பிக்கிறேன். முதல்ல எந்த எல்பி வாங்கலாம்?

எங்கள் முதல் சிபாரிசு திரைப்படத் தட்டே இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கிய வாத்திய இசை ஆல்பம், வயலின் வி.எஸ். நரசிம்மன். மென்மையாக ஓடும் இடங்கள் நிறைய இருப்பதால், தட்டின் இரைச்சலா பிளேயரின் உறுமலா என்பது உடனே தெரிந்துவிடும். பிளேயரைச் சரிபார்க்க இதைவிட நல்ல தட்டு தமிழ்நாட்டுப் பழைய கடையில் அகப்படுவது கடினம். இதற்கு அடுத்து வந்த 'நத்திங் பட் விண்ட்' (1988) ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலுக்காகக் கேட்கலாம். முழு ஆல்பமாக எங்கள் ஓட்டு முதலாவதுக்குத்தான்.

படப் பாட்டு என்றால் 'ஜானி' (1980). ஜானகியின் 'காற்றில் எந்தன் கீதம்' பாட்டில் குரலைச் சுற்றி இருக்கும் வெற்றிடமே அந்தப் பாட்டின் பாதி. மொபைல் ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஜென்ஸியின் 'என் வானிலே'யும் அப்படித்தான். மூன்றாவதாக 'ப்ரியா' (1978). தமிழில் ஸ்டீரியோவில் (இடது, வலது என இரண்டு தடத்தில்) பதிவான முதல் படப் பாட்டுகள் என்று சொல்லப்படுபவை இதில் உள்ளவை. 'அக்கரைச் சீமை அழகினிலே' போட்டால் இடது, வலது ஸ்பீக்கர் மாறியிருக்கிறதா, ஒன்று ஊமையாகியிருக்கிறதா என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும்.

கர்நாடக சங்கீதத்தில், ராஜாஜியின் முன்னுரையோடு வரும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'பஜகோவிந்தம்'. இந்த வகைத் தட்டுகளை வாங்க அடிதடி இல்லை. ராஜா தட்டுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவாகவே போகும், தேய்வும் குறைவாக இருக்கும்.

எம்.எஸ்.வி. பாட்டு எல்பில நல்லாருக்குமா, ராஜா பாட்டா?

இரண்டுக்கும் காரணம் வேறு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துத் தட்டுகள் மோனோ, அதாவது ஒரே தடம். குரல் முகத்துக்கு நேரே நிற்கும். 'புதிய பறவை' (1964) எடுத்துக்கொள்ளுங்கள். 'எங்கே நிம்மதி'யில் அத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவிலும் டி.எம்.எஸ். ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. சுசீலாவின் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' அதே தட்டின் இன்னொரு உச்சம். அந்தக் காலத் தட்டுகளின் பொருளும் அச்சும் பொதுவாக நன்றாகவே இருந்தன.

ராஜாவின் 80-களுக்கு வரும்போது பதிவு மேலே போகிறது, அச்சு கீழே போகிறது. பேஸ் கிதார், வயலின் அடுக்கு எல்லாம் தனித்தனியே கேட்கும். ஆனால் அந்தக் காலத் தட்டுகள் பலவற்றில் பிரிக்காத புதுத் தட்டிலேயே லேசான சரசரப்பு உண்டு. கழுவினாலும் போகாது. இது தெரியாமல் விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம். பேஸ் கேட்க ஆசைப்பட்டால் ராஜா, குரல் கேட்க ஆசைப்பட்டால் எம்.எஸ்.வி. எங்கள் தராசு இவ்வளவுதான்.

படத்துல வராத பாட்டெல்லாம் ரெக்கார்டுல இருக்குமாமே?

இருக்கும். 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்துக்காக ஜானகி பாடிய 'புத்தம் புது காலை' படத்தில் வரவில்லை. தட்டாலும் வானொலியாலும் பிழைத்த பாட்டு அது. 2014-ல் 'மேகா' படத்தில் மீண்டும் பயன்படுத்தினார்கள். 'நிழல்கள்' (1980) படத்தின் 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' பாட்டும் இதே கதைதான். இந்த இரண்டு தட்டும் கிடைத்தால் விடாதீர்கள் என்பதே எங்கள் கட்சி.

எதிர்ப்பக்கமும் உண்டு. 78-லும் ஈபியிலும் நேரம் போதாமல் ஒரு சரணத்தை வெட்டியிருப்பார்கள், அல்லது பாட்டைப் பாதியில் நிறுத்தி அடுத்த பக்கத்தில் தொடர்வார்கள். படத்தில் கேட்ட சரணம் தட்டில் இல்லை என்றால் தட்டில் குறை என்று நினைக்க வேண்டாம்.

ரஹ்மான் ஆல்பங்களை எல்பியா வாங்கலாமா?

உறையை மாட்டி வைக்க ஆசை என்றால் வாங்கலாம். கேட்பதற்கு என்றால் சிடி. 'ரோஜா' (1992) வந்தபோது இங்கே எல்பியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கடையில் காசெட்டும் சிடியும்தான். அந்தக் காலத்து அசல் சிடி இப்போதும் பழைய கடைகளில் எல்பியைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அடிப்பக்கம் வெளிச்சத்தில் ஊசித் துளை தெரியாமல், விளிம்பு நிறம் மாறாமல் இருந்தால் போதும்.

எல்பி வாங்கினேன், ஒரு பக்கம் மட்டும்தான் நான் கேட்ட படம். ஏமாத்திட்டாங்களா?

இல்லை. ஒரு படத்தில் நாலைந்து பாட்டுதான் என்றால் இன்னொரு படத்தை மறுபக்கத்தில் சேர்ப்பது வழக்கம். உறையின் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் இன்னொரு படம் என்றிருக்கும். இணையத்தில் வாங்கும்போது இரண்டு பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கடைல தட்டைப் போட்டுக் காட்ட மாட்டேங்கறாங்க. பாத்தே எப்படிக் கண்டுபிடிக்கறது?

மொபைல் டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே எல்லாத் தட்டும் நன்றாகத்தான் தெரியும். மூன்றைப் பாருங்கள். ஒன்று, கீறல். நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டினால் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் 'டிக்' நிச்சயம், கோணம் மோசமாக இருந்தால் முள் தாவும் அல்லது ஒரே இடத்தில் சுற்றும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று திட்டுவது இதை வைத்துத்தான். எல்பியில் அந்த 'டிக்' 1.8 நொடிக்கு ஒருமுறை வரும், ஈபியில் 1.3 நொடிக்கு. இரண்டு, நிறம். நல்ல தட்டு கறுத்து மினுங்கும். உள்பக்கப் பாட்டுகளில் சாம்பல் பூத்தது போல மங்கியிருந்தால், கனமான முள்ளில் பலமுறை ஓடியது. கீறலே இல்லாவிட்டாலும் உரத்த இடங்களில் குரல் கிழியும். கீறலைவிட இது மோசம், ஏனென்றால் பார்த்தவுடன் தெரியாது. மூன்று, நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்திவலை போன்ற கோடுகள். அச்சாணியைத் தேடித் தேடிப் போட்டதன் தடம் அது. நிறைய இருந்தால் நிறைய ஓடியிருக்கிறது.

உறையில் 'சவுண்ட் சர்வீஸ்' ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் கூடுதல் கவனம். கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கரில் ஓடிய மைக் செட் தட்டு அது. உள்ளே வேறு தட்டு இருக்கிறதா என்று லேபிள் எண்ணையும் உறை எண்ணையும் ஒப்பிடுங்கள். உறையில் எழுத்து ஓரங்கள் பிசிறடித்து, அட்டை மெலிதாக இருந்தால் அது கலர் ஜெராக்ஸ். அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, அசல் விலை கேட்டால் தப்பு.

ஆன்லைன்ல 'வி.ஜி. பிளஸ்'னு போட்டிருந்தான். வந்ததைப் பாத்தா கரகரன்னு இருக்கு?

நிலையைக் குறிக்கும் வரிசை இது: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி. (வெரி குட்), குட். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், 'குட்' என்றால் மோசம் என்று பொருள். 'வி.ஜி. பிளஸ்' என்றால் மெல்லிய தடங்கள் இருக்கலாம், பாட்டைக் கெடுக்கக் கூடாது. இங்கே விற்பவர்களில் பலர் கண்ணால் மட்டும் பார்த்து ஒரு படி கூட்டிப் போடுகிறார்கள். 'போட்டுப் பார்த்துச் சொன்னதா, பார்த்துச் சொன்னதா?' என்று கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் முப்பது நொடி வீடியோ கேளுங்கள். ஏன் கடைசிப் பாட்டு என்பது கீழே வருகிறது.

கதை வசன ரெக்கார்டு, சுப்ரபாதம் எல்லாம் எங்க பாத்தாலும் கிடைக்குதே, வாங்கலாமா?

'திருவிளையாடல்' மாதிரி கதை வசனத் தட்டுகளைக் கேட்கவே தனிக் கூட்டம் உண்டு. தருமி வசனம் இன்னும் பலருக்கு மனப்பாடம். சுப்ரபாதமும் அப்படித்தான். எம்.எஸ். பாடி 1963-ல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட தட்டு அது. அதன் ராயல்டியை அவர் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார். கிடைப்பது எளிது, நல்ல நிலையில் கிடைப்பது அரிது. தினமும் விடிகாலையில் ஓடிய தட்டு எப்படி இருக்கும்? மேலே சொன்ன சாம்பல் பூப்பை இவற்றில்தான் முதலில் தேட வேண்டும்.

பூஞ்சை பிடிச்ச தட்டை எப்படிக் கழுவறது?

எல்பிக்கும் ஈபிக்கும்: 750 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், 250 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். பாட்டிலில் ஆசிட் என்று இல்லாமல் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு பள்ளத்தில் காய்ந்து புதிய கரகரப்பைக் கொடுக்கும்.

லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துப் பிடித்து, திரவத்தைத் தெளித்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம் உலரவிடுங்கள். பூஞ்சை என்றால் இரண்டு தடவை. பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில்தான் விதை இருக்கிறது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வைத்தியம் எல்லாம் அன்றைக்குச் சத்தத்தை அடக்கும், அடுத்த வாரம் தூசியை ஒட்டவைக்கும்.

78-க்கும் அதே மருந்துதானா?

கூடவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பள்ளமே போய்விடும். ஆல்கஹாலை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பயன்படுத்தி, ஊறவிடாமல் துடைத்து உடனே உலர்த்துங்கள். முள்ளும் வேறு. எல்பி முள்ளின் முனை ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவு, 78-க்கு வேண்டியது அதுபோல மூன்று, நான்கு மடங்கு. எல்பி120எக்ஸில் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு 78 முள் தனியாகக் கிடைக்கிறது. கைவிசை கிராமஃபோனில் போடுவதானால் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும்.

தட்டு வளைஞ்சிருக்கு. வெயில்ல வெச்சா நேராகுமா?

நேராகாது, கிண்ணமாகும். இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை மட்டும் வைத்து, மேலே ஐந்து முதல் பத்து கிலோ புத்தகத்தைச் சமமாக அடுக்கி, நிழலில் சில வாரம் விடுங்கள். லேசான வளைவு அடங்கும். ஓவன், ஹேர் டிரையர் எல்லாம் தட்டைச் சாகடிக்கும் வழிகள். வளைவு இருந்தும் முள் தாவாமல் ஓடினால் அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பக்கத்தோட கடைசிப் பாட்டு மட்டும் 'ஸ்ஸ்'னு எரியுதே, முள்ளு போயிடுச்சா?

முள்ளாகவும் இருக்கலாம், ஆனால் அடிப்படைக் காரணம் கணக்கு. சுற்றும் வேகம் ஒன்றே என்றாலும், எல்பியின் வெளி விளிம்பில் முள்ளுக்குக் கீழே நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. கடைசிப் பாட்டில் அது 21 செ.மீ.தான். அதே பாட்டு பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ச, ஸ போன்ற ஒலிகள் அங்கேதான் முதலில் கிழியும். தேய்வும் அங்கேதான் முதலில் தெரியும். கடைசிப் பாட்டின் வீடியோ கேட்கச் சொன்னது இதனால்தான்.

முதலில் முள்ளின் தூசியைப் பின்னிருந்து முன்னாக உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். பிறகு அழுத்தத்தைச் சரிபாருங்கள். தட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து 2 கிராம் கேட்கும் முள்ளை 1.2-ல் ஓட்டுகிறவர்கள் உண்டு. எடை போதாமல் முள் பள்ளத்துக்குள் துள்ளும், அதுவே சுவரை இடித்து நொறுக்கும். அதன் பிறகு கார்ட்ரிட்ஜின் கோணம். கோணத்தைச் சரிபார்க்கும் அச்சிட்ட அட்டையில் உள்புள்ளி, வெளிப்புள்ளி இரண்டிலும் கார்ட்ரிட்ஜின் ஓரம் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தும் எல்லாத் தட்டிலும் எரிந்தால் நீள்வட்ட முனையுள்ள எலிப்டிகல் வகை முள்ளுக்கு மாறலாம். ஒரே தட்டில் மட்டும் என்றால் தட்டு போய்விட்டது. உங்களுக்குப் பிடித்த பாட்டு கடைசிப் பாட்டாக இருக்கும் எல்பிக்கு அதிக விலை கொடுக்கும் முன் அதே பாட்டு ஈபியின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

யூடியூப்ல கேக்கறதுக்கும் என் தட்டுக்கும் சுருதி ஒத்துப்போகலை. எது சரி?

முதலில் உங்கள் பிளேயரைச் சோதியுங்கள். தட்டின் விளிம்பில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி, ஸ்டாப்வாட்ச் வைத்து 100 சுற்று எண்ணுங்கள். 33⅓ சரியாக ஓடினால் 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம். 2 நிமிடம் 57 நொடியில் முடிந்தால் 1.7 சதவீதம் வேகம் கூடுதல், அரைக்கட்டையில் கால் பங்குக்கு மேல் சுருதி ஏறியிருக்கும். ஆறு சதவீதம் கூடினால் முழு அரைக்கட்டை. ஸ்ட்ரோப் அட்டை (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றதுபோலத் தெரியும் வட்ட அட்டை) அச்சிட்டுப் பார்ப்பதானால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு உள்ளது வேண்டும். எல்இடி பல்பில் கோடு நிற்பது பெரும்பாலும் தெரியாது, பழைய குண்டு பல்பு போடுங்கள்.

வேகம் குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். எல்பி120எக்ஸ் போன்றவற்றில் பக்கத்தில் உள்ள பிட்ச் நகர்த்தி நடுவில் இல்லாமல் இருக்கும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய ஏசி மோட்டார் பிளேயர் என்றால் வோல்டேஜை மட்டும் இறக்கினால் போதாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் மேல் இறங்கி சுசீலா வேறு யாரோவாகிவிடுவார். பிளேயர் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், இணையத்தில் ஏற்றியவரின் பிளேயரில்தான் கோளாறு. இதுவும் சகஜம்.

மோனோ தட்டை ஸ்டீரியோ பிளேயர்ல போடலாமா? இரைச்சல் ஜாஸ்தியா இருக்கே?

தாராளமாகப் போடலாம். மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமாக ஆடுவது தூசியும் கீறலும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதையும் சேர்த்து வாசிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் அமுக்குங்கள், கரகரப்பில் ஒரு பகுதி அப்போதே காணாமல் போகும்.

ஹெச்.எம்.வி. எண்களில் இ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ எல்பி, இ.சி.எஸ்.டி. என்றாலும் இ.ஏ.எஸ்.டி. என்றாலும் ஸ்டீரியோ. மோனோ பதிவைப் பிற்பாடு செயற்கையாகப் பிரித்து ஸ்டீரியோ என்று போட்ட தட்டுகளும் உண்டு. ஒரு காதில் பாஸ், ஒரு காதில் ட்ரெபிள். அந்தப் பாட்டின் மோனோ தட்டு கிடைக்கும்போது இதற்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வராது.

பரண்ல அடுக்கி வைக்கலாமா?

வேண்டாம். கான்கிரீட் தளத்துக்கு அடியில் சித்திரை வெயிலில் பரண் கொதிக்கும். படுக்கைவசமாக அடுக்கினால் அடித் தட்டுகள் வளையும். புத்தகம் மாதிரி நேராக, சாயாமல் நிறுத்துங்கள். நூறு எல்பி உறையோடு 25 கிலோ இருக்கும், அலமாரிப் பலகை தாங்குமா என்று பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். பாச்சை உருண்டை வேண்டாம், சிலிக்கா ஜெல் போதும். பி.வி.சி. உறை தட்டில் மூட்டமாகப் படியும், பாலிதீன் உள்ளுறையே நல்லது.

இப்ப வர்ற புது ரீ-இஷ்யூ வாங்கலாமா, பழைய ஒரிஜினலா?

புதியதில் தேய்வு இல்லை, சுத்தமாக ஓடும். பெரும்பாலும் டிஜிட்டல் பிரதியிலிருந்து வெட்டியவை என்பதால், அந்தப் பிரதி எப்படியோ தட்டும் அப்படியே. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து ஒலியை இறுக்கி ஏற்றிய பிரதி என்றால் தட்டிலும் அந்த இறுக்கம் வரும். எங்கள் கணக்கு இப்படி: பழையது உண்மையான வி.ஜி. பிளஸில் கிடைத்தால் பழையது. சாம்பல் பூத்த பழையதா புதியதா என்றால் புதியது. முதல் பதிப்பு என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்ந்த தட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது காதுக்குச் செய்யும் செலவாகாது.

என்கிட்ட இருக்கற அபூர்வ தட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி யூடியூப்ல போடலாமா?

ஏற்றுவது எளிது. ப்ரீஆம்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ பெட்டி, அங்கிருந்து ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஒலியின் அதிகபட்ச உயரம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். மோனோ தட்டை ஸ்டீரியோவாகவே பதிந்து பிறகு இரண்டையும் கலந்து மோனோவாக்குங்கள். கரகரப்பு நீக்கும் வசதியை 'டிக்'குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

வெளியிடுவது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த தட்டின் பதிவு உரிமை 2024-ஓடு முடிந்தது. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் தனி உரிமை. எழுதியவர், இசையமைத்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, எம்.எஸ்.வி. 2015. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான பாட்டுகளுக்கு இப்போதைக்கு அனுமதி தேவைதான்.

வாங்கின ஆல்பத்தைப் பத்தி நாலு வரி எழுதணும். 'சூப்பர் பாட்டு' தவிர என்ன எழுதறது?

பாட்டைப் பற்றிய கருத்தையும் தட்டைப் பற்றிய கருத்தையும் பிரித்து எழுதுங்கள். பாட்டு எல்லோருக்கும் தெரியும். உங்கள் கையில் இருக்கும் தட்டு மற்றவர்களுக்குத் தெரியாது. நிறுவனம், எண், மோனோவா ஸ்டீரியோவா, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த எழுத்துகள், எந்த முள்ளில் கேட்டீர்கள், கழுவினீர்களா, மறுபக்கத்தில் எந்தப் படம், எந்தப் பாட்டில் எரிகிறது. அதே பாட்டின் இணையப் பிரதியோடு ஒப்பிட்டிருந்தால் எது எந்த இடத்தில் மேல் என்பதையும் சொல்லுங்கள்.

பிடித்த பாட்டைப் பற்றி எழுதும்போதும் ஓர் இடத்தைக் காட்டுங்கள். இரண்டாவது இடையிசையில் குழல் நுழைகிற இடம், அல்லது பல்லவிக்குத் திரும்பும்போது தபலா மாறுகிற இடம். படிக்கிறவர் தன் தட்டை எடுத்து அதே இடத்தில் முள்ளை வைத்துப் பார்ப்பார், ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டைக்கும் வருவார்.